ஒரு குடுவைக்குள் ஐந்து வேதியியல்

வேதியியலின் பிரிவுகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்தால் ஒன்றும் ஒட்டாது. பிளஸ் டூ ஆய்வகத்தின் ஒரு தரம்பார்த்தலே (செறிவு தெரிந்த கரைசலோடு வினைபுரிய வைத்து மற்றொன்றின் செறிவைக் கண்டுபிடிப்பது) போதும், ஐந்து பிரிவுகளும் அதில் தெரியும்.

6.3 கிராம் ஆக்சாலிக் அமிலப் படிகத்தை வாலைவடிநீரில் கரைத்து ஒரு லிட்டராக்கினால் 0.1 நார்மல் (செறிவின் ஓர் அலகு) கரைசல். அதில் 20 மி.லி. பிப்பெட்டால் (அளவாக உறிஞ்சி எடுக்கும் குழாய்) கூம்புக் குடுவையில் எடுத்து, அதே அளவு நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, 60–70 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குங்கள். அளவுக்கோடுகளும் அடியில் திருகும் உள்ள பியூரெட் குழாயிலிருந்து பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைத் துளித்துளியாக விடுங்கள். அடர் ஊதா நிறக் கரைசல் என்பதால் திரவமட்டத்தின் மேல் விளிம்பைப் பார்த்து அளவெடுக்க வேண்டும். வெளிர் இளஞ்சிவப்பு அரை நிமிடம் மாறாமல் நின்றால், வினை முடிந்ததைக் காட்டும் முடிவுநிலை. தனி நிறங்காட்டி வேண்டாம். 20.4 மி.லி. செலவானால், பெர்மாங்கனேட்டின் செறிவு 20 × 0.1 ÷ 20.4, அதாவது 0.098 நார்மல். 'எவ்வளவு இருக்கிறது' என்று கேட்கும் இந்தப் பகுதி பகுப்பாய்வு வேதியியல்.

ஊதா எங்கே போனது? பெர்மாங்கனேட்டில் உள்ள மாங்கனீசின் ஆக்சிஜனேற்ற எண் +7-லிருந்து +2-க்கு இறங்கிவிட்டது. இது கனிம வேதியியல். அமிலம் போதாவிட்டால் +4-இலேயே நின்று, மாங்கனீசு டை ஆக்சைடு பழுப்பாகக் கலங்கும். கந்தக அமிலத்துக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் பெர்மாங்கனேட் அதையும் குளோரினாக்கும், செலவாகும் அளவு கூடிப்போகும்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்தது. முதல் சில துளிகளின் நிறம் மறையத் தாமதமாகும். பிறகு விழுந்தவுடன் மறையும். வினையில் உருவாகும் மாங்கனீசு அயனியே அந்த வினையை விரைவுபடுத்துகிறது. தன்வினைவேக மாற்றம் என்பது இதுதான். ஆரம்பத்தில் அவசரப்பட்டு ஊற்றுகிறவர்களுக்குப் பழுப்பு வருவதும் இதனால்தான். கொதிக்கவிட்டாலோ ஆக்சாலிக் அமிலமே சிதைந்து, செலவு குறைவாகக் காட்டும். வேகமும் வெப்பமும் இயற்பிய வேதியியலின் பாடம்.

ஆக்சாலிக் அமிலத்தில் இரண்டு கார்பாக்சில் (COOH) தொகுதிகள் நேரடியாகப் பிணைந்திருக்கின்றன. அந்தக் கார்பன்-கார்பன் பிணைப்பு உடைந்து, இரண்டு கார்பனும் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகின்றன. அசிட்டிக் அமிலம் இதே நிலைமையில் அசைந்துகொடுக்காது. அமைப்பு மாறினால் குணம் மாறும் என்பது கரிம வேதியியல்.

உயிர்வேதியியலும் தூரத்தில் இல்லை. சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட். முன்பு இரத்தத்தின் கால்சியத்தை அளக்க, அதை ஆக்சலேட்டாக வீழ்படிவாக்கி, கந்தக அமிலத்தில் கரைத்து, இதே பெர்மாங்கனேட்டால்தான் தரம்பார்த்தார்கள்.