அம்மாவுக்கு எத்தனை எழுத்து?

2025 ஆகஸ்ட் 4, திங்கள்

கணினி அமைப்புகள் பாடம் இன்று தொடங்கியது. சி மொழியில் நிரல் எழுதுவதை முதலாண்டிலேயே படித்துவிட்டோம். எழுதியது எப்படி ஓடுகிறது என்பதே இந்தப் பருவத்தின் பாடம் என்றார் மேடம். நாம் எழுதும் கோப்பு முன்செயலி, கம்பைலர் (சி நிரலைச் செயலியின் கட்டளைகளாக மாற்றுவது), அசெம்பிளர், லிங்கர் என்று நால்வரிடம் கைமாறிய பிறகுதான் ஓடக்கூடிய கோப்பாகிறது. இதுவரை ஒரே கட்டளையில் எல்லாம் முடிந்துவிட்டதால், நடுவில் நான்கு பேர் இருப்பதே எனக்குத் தெரியாது.

கடைசியில் ஒரு பயிற்சி கொடுத்தார்: ‘அம்மா’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று கண்டுபிடிக்கும் நிரல். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட மூன்று என்று சொல்லிவிடும். பெரம்பூருக்குத் திரும்பியதும், சரத்தின் (எழுத்துத் தொடரின்) நீளத்தை அளக்கும் ஸ்டிர்லென்னை அழைத்து மூன்றே வரியில் எழுதி ஓட்டினேன். விடை 15 என்று வந்தது.

2025 ஆகஸ்ட் 6, புதன்

பதினைந்தின் காரணம் புரிந்தது. ஸ்டிர்லென் எழுத்தை எண்ணுவதில்லை. சுழியம் வரும்வரை பைட்டுகளை (எட்டு பிட் கொண்ட நினைவகத் துண்டுகளை) எண்ணுகிறது. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் உலகத் தரமான யூனிகோடின் கணக்கில் ‘அம்மா’ என்பது அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்ற ஐந்து குறிகள். அந்த எண்களைப் பைட்டுகளாக எழுதும் யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இலக்கண வகுப்பில் ‘ம்’ என்ற மெய்யோடு அகரம் சேர்ந்தால் ‘ம’ என்று படித்தோம். யூனிகோடிலோ ‘ம’ முதலில் நிற்கிறது, அதன்மேல் புள்ளி ஏறினால்தான் ‘ம்’ கிடைக்கிறது. ஆகவே ஒரு மாத்திரை உள்ள ‘ம’ என்ற உயிர்மெய்க்கு மூன்று பைட்டும், அரை மாத்திரை மட்டுமே உள்ள மெய்க்கு ஆறு பைட்டும் ஆகின்றன. நம் தமிழாசிரியர் கேட்டால் சிரிப்பாரா, கோபித்துக்கொள்வாரா என்று சொல்ல முடியவில்லை.

பைட்டுகளை ஒவ்வொன்றாக அச்சிட்டுப் பார்த்தேன். ‘அ’வுக்கு 224, 174, 133 வரவேண்டும். என் திரையில் வந்தவை −32, −82, −123. மூன்றிலும் சரியாக 256 குறைகிறது என்பது கண்ணில் பட்டது. ஏன் என்பதற்குள் தூக்கம் வந்துவிட்டது.

2025 ஆகஸ்ட் 11, திங்கள்

இன்று நடந்ததை விரிவாகவே எழுதி வைக்க வேண்டும். குறிகளை மட்டும் எண்ண ஒரு வழி இருக்கிறது: யூ.டி.எஃப்-8 முறையில் ஒரு குறியின் முதல் பைட்டைத் தொடர்ந்து வருபவை எல்லாம் 128 முதல் 191 வரையிலானவை என்பதால், அவற்றைத் தாண்டிவிட்டு மற்றதை எண்ணினால் போதும். அப்படி எழுதினேன், மறுபடியும் 15. அதே கோப்பைத் தோழி ஆர்ம் செயலி கொண்ட தன் ‘ராஸ்பெரி பை’ என்ற சிறு கணினியில் கம்பைல் செய்து ஓட்டினாள். அங்கே 5 என்று சரியாக வந்தது. “உன் கம்பைலர் பழசுடி” என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மேடம் எங்கள் இருவரின் கணினியிலும் பைட்டுகளை அச்சிடும் நிரலை அசெம்பிளியாக (செயலிக்குப் போகும் கட்டளைகளின் பட்டியலாக) எடுக்கச் சொன்னார். 8 பிட் பைட்டை 32 பிட் ரெஜிஸ்டருக்குள் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடத்துக்குள்) நீட்டி வைக்கும் இடத்தில்தான் வேறுபாடு. என் இன்டெல் கணினியில் அந்தக் கட்டளை பைட்டின் முதல் பிட்டையே பிரதியெடுத்து மேலுள்ள 24 இடங்களையும் நிரப்பியது; அவளுடையதில் சுழியம் நிரம்பியது. முதல் பிட் 1 ஆக இருப்பதால் 224 என் பக்கம் −32 ஆகிவிட்டது. தாண்ட வேண்டிய 174 அதேபோல் −82 ஆகிவிட்டது. −82 எப்படி 128க்கும் 191க்கும் நடுவே வரும்? அதனால் என் நிரல் எந்தப் பைட்டையும் தாண்டவேயில்லை.

நினைவகத்தில் இருந்த பிட்டுகள் இரண்டு கணினியிலும் ஒன்றே. 224 என்பதும் −32 என்பதும் அவற்றைப் படிக்கும் கட்டளை கொடுத்த பொருள். சி மொழியில் ஒரு பைட்டை வைக்கும் ‘சார்’ வகை (ஆசிரியரை அழைப்பது அல்ல) குறியுள்ளதா (கழித்தல் எண்ணும் வரலாம்), குறியற்றதா (கழித்தல் எண் வராது) என்பதை மொழியின் தரவரையறை கம்பைலரிடமே விட்டுவிட்டது. லினக்ஸில் இன்டெல் கணினிகளுக்குக் குறியுள்ளதாகவும் ஆர்ம் கணினிகளுக்குக் குறியற்றதாகவும் எடுத்துக்கொள்வது வழக்கம். நம் சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான சக்தி செயலி பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டளை முறையிலும் குறியற்றதுதான் வழக்கம் என்றார் மேடம். பழி கம்பைலர் மேல் இல்லை. வகையைச் சொல்லாமல் விட்ட என் மேல்தான். தோழியின் நிரலிலும் அதே பிழை இருந்தது, அவளுக்கு மட்டும் தற்செயலாகச் சரியான விடை வந்தது என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

2025 ஆகஸ்ட் 18, திங்கள்

இன்று கேஷ், அதாவது செயலிக்கு அருகிலுள்ள சிறிய, வேகமான நினைவகம். செயலிக்கு ஒரே ஒரு பைட் தேவைப்பட்டாலும் எங்கள் ஆய்வகக் கணினியில் நினைவகத்திலிருந்து 64 பைட் சேர்ந்தே வருகிறது. சந்தையில் ஒரு கீரை இலை கேட்டால் யார் கொடுப்பார்கள்? கட்டாகத்தான் கிடைக்கும். வரிசையும் நெடுக்குமாக எண்களை அடுக்கிய அணியை வரிசை வரிசையாகப் படித்தால் கட்டு முழுவதும் பயன்படுகிறது. பெரிய அணியை நெடுக்கில் படித்தால் கட்டுக்கு ஓர் இலை கிள்ளிவிட்டு அடுத்த கட்டைப் பிரிக்கிறோம். நேரத்தை அளந்தபோது வேறுபாடு பல மடங்கு இருந்தது.

2025 ஆகஸ்ட் 20, புதன்

‘சார்’ இருந்த இடங்களில் எல்லாம் குறியற்றது என்று வெளிப்படையாக எழுதினேன். 15 குறைந்து 5 ஆனது. பிறகு புள்ளியையும் (224, 175, 141) துணைக்கால், கொம்பு முதலிய உயிர்க்குறிகளையும் தனி எழுத்தாக எண்ணாமல் முந்தைய எழுத்தோடு சேர்த்தேன். இரவு பத்தரைக்குத் திரையில் 3 வந்தது. பின்னால் நின்ற அம்மா, “மூணுன்னு சொல்ல ரெண்டு வாரமாடி?” என்றாள்.

மகிழ்ச்சியில் வாய்க்கு வந்த சொற்களை எல்லாம் கொடுத்துப் பார்த்தேன். ‘தமிழ்’ 3, ‘சென்னை’ 3. ‘பக்ஷி’க்கும் 3 என்றது. பள்ளி அட்டவணையில் ‘க்ஷ’ ஒரே எழுத்து. அப்படியானால் 2 வரவேண்டும். பயிற்சியை ஒப்படைக்க வெள்ளிக்கிழமைவரை நேரம் இருக்கிறது.