கிழவி இன்னும் காயலை

நவம்பர் 9, ஏற்காடு
படம் வரையற ஸ்டாண்டை வெளித்திண்ணைக்கு மாத்திட்டேன். சாயம் கரைக்கிற டர்பன்டைன் வாடை பட்டா அப்பாவுக்கு இழுப்பு வந்துடுது. சாத்தின ஜன்னலுக்குப் பின்னால இருந்து, "யாரு கண்ணு அந்தக் கிழவி?"ன்னார். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1634-ல ஓக் பலகையில வரைஞ்ச ஒரு வயசான அம்மா. அதைப் பார்த்துத்தான் நான் வரையறேன். வயசு 83-ன்னு படத்துலயே எழுதி வச்சிருக்கார். வரைஞ்சவருக்கு அப்போ முப்பதுகூட ஆகல. முதுமையை எங்கே பார்த்துக் கத்துக்கிட்டார்?

நவம்பர் 10
மூட்டம். அடியில பூசின அம்பர்ங்கிற பழுப்புச் சாயம் காஞ்சுடுச்சு. அம்பர் சீக்கிரம் காயும். டைட்டானியம் வெள்ளைதான் படுத்தும்.

நவம்பர் 13
சுருக்கத்தைக் கோடு கோடாப் போட்டேன், முகமூடி ஆயிடுச்சு. துணியால துடைச்சுட்டு, கண்ணை இடுக்கிக்கிட்டு ரொம்ப நேரம் படத்தையே பார்த்தேன். அங்கே கோடே இல்ல. நெத்தியில வெளிச்சம் மேடேறுது, பள்ளத்துல இறங்குது, அவ்வளவுதான். மேட்டுல சாயம் கெட்டி. பள்ளத்துல அடிப்பழுப்பு தெரியுற அளவு மெல்லிசு. கீழ் இமையில மட்டும் ஈரம் மாதிரி ஒண்ணு. அது என்னன்னு பிடிபடல.

நவம்பர் 14
இமை வரல.

நவம்பர் 17
கன்னம் விரல்ல ஒட்டுது. நாலு நாளாச்சு. எண்ணெய்ச் சாயம் தண்ணி மாதிரி ஆவியாகிக் காயறதில்ல, காத்துல இருக்கிற ஆக்சிஜனை வாங்கித்தான் இறுகும். குளிர்ல மெதுவா. உள்ளே ராத்திரி முழுக்க மெஷின் ஓடுது. கீழே சேலத்துக்குப் போயிட்டா மூச்சு லேசாகும்னு டாக்டர் சொல்லிட்டார். அப்பா கேட்கல. காப்பி பழுத்திருக்காம், பறிப்பு முடியணுமாம்.

நவம்பர் 18
"கிழவி காஞ்சாளா?"
"இல்லப்பா."
"மழைக்காலம். அவசரப்படாத."

நவம்பர் 21
இமையை மூணு தடவை சுரண்டியாச்சு. ரெம்பிராண்ட் எதிர்ல அந்த அம்மாவே உட்கார்ந்திருந்தாங்க. என் எதிர்ல அச்சுத்தாள். மத்தியானம் அப்பா தூங்கறப்போ கிட்டப் போய் அவர் இமையைப் பார்த்தேன். விளிம்புல சிவப்பு, அதுக்குக் கீழே மெல்லிய நீலம். எதுக்குப் பார்த்துக்கிட்டு இருக்கேன்னு உறைச்சதும் வெளியே வந்துட்டேன். சாயங்காலம் அதையே போட்டேன். வந்துடுச்சு. சந்தோஷமா இருக்க முடியல.

நவம்பர் 23
விடிகாலை நாலு மணிக்கு இறங்கினோம். 20 கொண்டை ஊசி வளைவும் மூட்டம்.

நவம்பர் 26, சேலம்
திண்ணையில சாரல் அடிக்கும். பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட கேன்வாஸை உள்ளே எடுத்து வைக்கச் சொன்னேன். போன்ல சொன்னார், கன்னம் ஒட்டலையாம். இமை மட்டும் அவர் விரலோட வந்துடுச்சாம்.