டி.சி.யில் வகுப்பு இல்லை: மாண்டிசோரிப் பள்ளியிலிருந்து மாறிய கதை

“எந்த வகுப்பு என்றே போடவில்லையே, இதை வைத்து நான் என்ன செய்வது?” என்று புதிய பள்ளியின் எழுத்தர் என் மகளின் மாற்றுச் சான்றிதழை (டி.சி.) என் பக்கமே தள்ளிவிட்டார். சென்னையிலிருந்து மதுரைக்கு மாற்றலாகி வந்த மூன்றாம் நாள் அது.

மகள் படித்தது மாண்டிசோரிப் பள்ளி. இரண்டரை முதல் ஆறு வயது வரை ஒரு கூடம், 6–9 ஒரு கூடம், 9–12 ஒரு கூடம். பெரிய குழந்தைகள் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். அதற்காகவே அங்கே சேர்த்தோம். டி.சி.யிலும் ‘6–9 பிரிவு’ என்றே எழுதிவிட்டார்கள். மாண்டிசோரி அம்மையார் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது 1939இல். இத்தனை ஆண்டுகள் கழித்தும் நம் படிவங்களில் இந்தப் பிரிவுக்கு ஒரு கட்டம் இல்லை.

இரவு பஸ்ஸில் சென்னை போய், ‘இரண்டாம் வகுப்புத் தேர்ச்சி’ என்று எழுதி வாங்கி வந்தேன். அடுத்த முட்டுக்கட்டை எமிஸ், அதாவது மாணவர் விவரங்களைப் பதியும் கல்வித் துறை இணையதளம். புதிய பள்ளி எடுத்துக்கொள்ளும்படி அவள் எண்ணைப் பழைய பள்ளி அதன் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்கவே இல்லை. சென்னையில் நின்றபோதே கேட்டிருந்தால் பத்து நிமிட வேலை. தொலைபேசியில் கெஞ்சி நான்கு நாள் ஆனது.

பிறகு, வைக்கவே கூடாத ஒரு தேர்வு. ஆசிரியை ஏழாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்கச் சொன்னார். மகள் வாய் திறக்கவில்லை. அவள் ஏழாம் வாய்ப்பாட்டைக் கற்றது வெள்ளை மணிக் கோவையில். ஏழு மணி கோத்த கம்பிகள் ஏழு. மேசையிலிருந்த தாளை எடுத்து, வரிசைக்கு ஏழு புள்ளியாக வைத்துக்கொண்டே போனாள். ஒவ்வொரு வரிசை முடிவிலும் 7, 14, 21 என்று எழுதி, 49இல் நிறுத்தி நிமிர்ந்தாள். ஆசிரியையோ, “இரண்டாம் வகுப்பிலேயே உட்காரட்டும்” என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் நகலோடு தலைமையாசிரியரைப் பார்த்தேன். 4ஆம் பிரிவு வயதுக்கேற்ற வகுப்பு என்கிறது. 13ஆம் பிரிவு சேர்க்கைக்குத் தேர்வு வைக்கக் கூடாது என்கிறது. அவர் பொறுமையாகப் படித்தார். புள்ளித் தாளையும் பார்த்தார். மூன்றாம் வகுப்பில் சேர்க்கச் சொல்லிக் கையெழுத்திட்டார். அந்தப் புள்ளித் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இதுபோன்ற பள்ளியிலிருந்து மாறுகிறவர்கள் டி.சி.யில் வகுப்பை எண்ணால் எழுதி வாங்குங்கள். எமிஸில் விடுவித்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு ஊரைவிட்டுக் கிளம்புங்கள். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி என்றால், டி.சி. தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்க முடியாது. 5ஆம் பிரிவில் இருக்கிறது. எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.

சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. வகுப்பில் எல்லோருக்கும் எட்டு வயது என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. தெரியாததை எந்த அக்காவிடம் கேட்பது என்கிறாள். ஆசிரியையிடம் கேள் என்று சொல்லி அனுப்புகிறேன்.