காசிமேட்டு வெளிச்சத்தில் கேமரா பழகுகிறேன்

கேமரா வாங்கிய கையோடு அடுத்த லென்ஸ் எது என்று தேடத் தொடங்குகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். எனக்கு அந்த இடம் வடசென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். என்னிடம் இருப்பது ஒருவர் பயன்படுத்தி விற்ற டி.எஸ்.எல்.ஆர்., அதனுடன் வந்த 18–55 மி.மீ. ஜூம் லென்ஸ், பிறகு வாங்கிய 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் (எஃப் எண் என்பது லென்ஸுக்குள் ஒளி புகும் துளையின் அளவு; எண் குறையக் குறையத் துளை பெரிதாகும்). இவற்றை வைத்துக்கொண்டே கற்பதற்கு இன்னும் ஏராளம் இருக்கிறது.

இதுவரை உருப்படியாகக் கைவந்தது வெளிச்சத்தை அளக்கும் பழக்கம். கேமராவுக்குள் இருக்கும் மீட்டருக்கு மீன் எது, ஐஸ் எது, முகம் எது என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். ஐஸ் மேல் வஞ்சிரத்தை வரிசையாக அடுக்கியிருந்தால் ஃபிரேம் முழுவதும் வெண்மையும் வெள்ளி மினுக்கமும்தான். ‘இவ்வளவு வெளிச்சமா’ என்று மீட்டர் குறைத்துவிடுகிறது. ஐஸ் அழுக்கேறியதுபோல் பதிவாகிறது. மீட்டர் சொல்வதைவிடக் கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் ஈடுகட்டலைக் கூட்டல் 1-இல் வைத்தால் ஐஸ் வெள்ளையாகிறது. கரையோரம் நிற்கும் படகின் கருத்த பக்கத்தை எடுக்கும்போது இதற்கு நேர்மாறாகக் கழித்தல் 1. கடலுக்கு முதுகு காட்டி நிற்கும் மீனவரின் முகத்துக்குக் கூட்டல் 1, சில வேளை அதற்கும் மேல். பின்னால் வானம் வெளுத்துப் போகும்தான். போகட்டும், அந்தப் படத்தில் முகம்தான் முக்கியம்.

ஏலம் நடக்கும் இடத்தில் இதுவும் போதவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் குறுக்கே போகிறார், அடுத்த நொடி நீலத் தார்ப்பாய், அதற்கடுத்து தெர்மாகோல் பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் கேமரா அளவை மாற்றிக்கொண்டே இருந்தது. ஆனால் தலைக்கு மேலே எரிந்த விளக்கு மாறவே இல்லை. ஃபிரேமுக்குள் வந்துபோகும் பொருள்தான் மாறியது. இது புரிந்த அன்றே, அளவுகளை நானே வைக்கும் மேனுவல் முறைக்குப் போய்விட்டேன். விடிவதற்கு முன், விளக்கொளியில் எனக்குத் தொடக்க அளவு எஃப் 3.5, ஷட்டர் 1/160 நொடி, ஐ.எஸ்.ஓ. (கேமரா ஒளியை உணரும் அளவு) 3200. ஒரு படம் எடுத்து, அதில் இருளும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்து, தேவையானால் சிறிது திருத்துவேன். அதன்பின் கண் மனிதர்களைத் தேடலாம். எண்களைத் தேட வேண்டியதில்லை. ஐ.எஸ்.ஓ.வை உயர்த்த அஞ்சுகிறவர்கள் பலர். புள்ளி புள்ளியாகத் தெரியும் படத்தை ஓரளவு சரிசெய்யலாம். அசைந்து கலங்கிய படத்தை மீட்க வழியில்லை.

பொழுது விடியும் நேரத்தில் மட்டும் மேனுவல் தோதுப்படாது. வெளிச்சம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறுகிறது. அப்போது துளையையும் ஷட்டர் வேகத்தையும் நான் வைத்துக்கொண்டு, ஐ.எஸ்.ஓ.வைத் தானியங்கியில் விட்டுவிடுகிறேன். சென்னையில் ஜனவரியில் சூரியன் எழ ஏறக்குறைய ஆறரை மணியாகிவிடும். மே கடைசியில் 5.40-ஐ ஒட்டியே எழுந்துவிடும். கிளம்பும் நேரத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். உச்சி வெயிலுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: ஐ.எஸ்.ஓ. 100 என்றால் எஃப் 16, ஷட்டர் 1/125. துளையை எஃப் 8-க்குத் திறந்தால் ஷட்டர் 1/500. மீட்டரே இல்லாமல் இந்தக் கணக்கை வைத்து எடுத்துப் பார்த்தேன். மேகமில்லாத நாளில் நன்றாகவே ஒத்துவந்தது.

ஷட்டர் வேகத்துக்கு வருகிறேன். என் கேமராவில் படம் பதியும் சென்சார் சிறியது. அதில் 50 மி.மீ. லென்ஸ் 75 மி.மீ. அளவுக்கு நெருக்கிக் காட்டும். மி.மீ. எண் எவ்வளவோ, ஷட்டரும் குறைந்தது அந்த அளவு என்பது பொதுக்கணக்கு. ஆகவே கை நடுக்கம் தெரியாமலிருக்கக் குறைந்தது 1/80 தேவை. ஆனால் அது என் கைக்கு மட்டுமே போதும், எதிரே இருப்பவர் கைக்குப் போதாது. படகிலிருந்து கூடையை வீசும்போது 1/500-க்குக் கீழே இறங்குவதில்லை. வியாசர்பாடியில் கால்பந்து ஆடும் பிள்ளைகளுக்கு 1/1000. ஃபோகஸையும், ஓடுகிறவரை விடாமல் பின்தொடரும் தொடர் முறையில் வைக்க வேண்டும்.

துளையின் விளையாட்டைப் பழக, 1856-இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்கள் அருமையானவை. தெருப்பக்கம் சாய்வாக நின்று எஃப் 1.8-இல் ஒன்று, எஃப் 8-இல் ஒன்று எடுத்து, எத்தனை தூண்கள் துல்லியமாக விழுகின்றன என்று பாருங்கள். எவ்வளவு படித்தாலும் புரியாதது அங்கே புரிந்துவிடும்.

கூட்ட நெரிசலில் 50 மி.மீ. எனக்கு ஒத்துவரவில்லை, பின்னால் நகர இடமில்லை. 18–55 லென்ஸை 24-இல் நிறுத்தி, அதைத் தொடாமல் நானே முன்னும் பின்னும் நடக்கிறேன். அப்படிப் போனால் ஆட்களிடம் பேசித்தான் ஆக வேண்டும். அது நல்லது. “அக்கா, ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்டால், “வியாபாரம் முடியட்டும் தம்பி” என்பார்கள். காத்திருப்பேன். எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டு அடுத்த ஞாயிறு கொண்டுபோய்க் கொடுப்பேன். கேட்காமல் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவது எனக்குப் பிடிக்காது, அதில் எவ்வளவு நல்ல படம் கிடைத்தாலும் சரி.

வடசென்னையில் கேமராவுக்கு இரண்டு எதிரிகள்: உப்பும் ஈரப்பதமும். கடலோரத்தில் லென்ஸ் மாற்றுவதில்லை. வீட்டுக்கு வந்ததும் முதலில் ஊதுகுமிழால் தூசியைத் தட்டிவிட்டு, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் கேமராவின் வெளிப்பக்கத்தைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றுகிறேன். ஏ.சி. அறையிலிருந்து எடுத்தவுடன் வெளியே போனால் கண்ணாடியில் பனி படர்ந்துவிடும். அதனால் விடிகாலைக்குக் கிளம்பும் நாளில் இரவே பையைக் கூடத்தில் வைத்துவிட வேண்டும். லென்ஸில் பூஞ்சை பிடிக்காமலிருக்கக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரத்தைக் குடித்துவிட்டன என்று பொருள். சூடாக்கி மறுபடி போடலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பழகுபவர்களுக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது: படகுகள் அசையாமல் நிற்கும், வலை பின்னுகிறவர்கள் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். வெயில்தான் கொடுமை. தார்ப்பாய் நிழலுக்குள் இருக்கும் முகத்துக்கும் வெளியே கொதிக்கும் தரைக்கும் இடையே உள்ள வெளிச்ச வேறுபாட்டை ஒரே படத்துக்குள் கொண்டுவரப் பழக வேண்டும். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்து, வெளுப்பு மிஞ்சாமல் அளந்து, நிழலைப் பிறகு கணினியில் தூக்கிவிடுவது ஒரு வழி. வெள்ளைத் தெர்மாகோல் பலகையைக் கொண்டு முகத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பிவிடுவது இன்னொரு வழி. இந்தத் தடைக்காலத்தில் இரண்டையும் அக்கம்பக்கமாகச் செய்து பார்த்து எழுதுகிறேன்.