நகரும் இருட்டறை: ரொக்கேயாவின் கொல்கத்தாவில் ஒரு நாள்

கொல்கத்தாவுக்குப் போகிறவர்கள் விக்டோரியா நினைவிடத்தையும் தட்சிணேசுவரத்தையும் பார்க்காமல் திரும்புவதில்லை. சென்ற நவம்பரில் அங்கே போயிருந்த நான், ஒரு முழு நாளை ஒரே பள்ளிக்கூடத்தின் பழைய முகவரியையும் புதிய முகவரியையும் தேடுவதற்கென்று ஒதுக்கிவைத்தேன். அதை நிறுவிய, முஸ்லிம் பெண்களின் கல்விக்காகப் போராடிய வங்காள எழுத்தாளர் ரொக்கேயா சகாவத் ஹுசைனுக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்க, பெண்கள் சூரிய வெப்பத்தைக் கொண்டு நாட்டை நடத்தும் உலகைக் காட்டும் ‘சுல்தானாவின் கனவு’ என்னும் அவருடைய ஆங்கிலக் கதை, கமலா சத்தியநாதன் சென்னையிலிருந்து நடத்திய மகளிர் இதழில்தான் 1905இல் முதன்முதலாக அச்சேறியது.

காலையில் முதலில் வலியுல்லா சந்துக்குப் போனேன். இரண்டு கைவண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கித்தான் ஆக வேண்டும் என்னும்படியான அகலம். 1911 மார்ச் 16 அன்று இந்தச் சந்தின் 13ஆம் எண் வீட்டில், எட்டு மாணவியரோடு சகாவத் நினைவுப் பள்ளி தொடங்கியது. உண்மையில் அது இரண்டாவது தொடக்கம். பாகல்பூரில் துணை நீதிபதியாக இருந்த கணவர் சகாவத் ஹுசைன், பெண்கள் பள்ளிக்கென்று பத்தாயிரம் ரூபாயை ஒதுக்கிவிட்டு 1909 மே மாதத்தில் இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் ஐந்து மாணவியரை வைத்துக்கொண்டு ரொக்கேயா அங்கேயே பள்ளியைத் திறந்துவிட்டார். கணவரின் முதல் மனைவிக்குப் பிறந்த மகளின் குடும்பத்தோடு சொத்துப் பிணக்கு முற்றவே, ஊரைவிட்டே வெளியேறி இந்நகரத்துக்கு வந்தார். தாம் எந்தப் பள்ளியிலும் படித்தவரல்லர். ரங்பூர் மாவட்டத்துப் பைராபந்தில், வீடு உறங்கிய பிறகு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அண்ணன் இப்ராகிம் ரகசியமாகக் கற்றுக்கொடுத்த ஆங்கிலம்தான் அவருடைய முதலீடு.

சந்தில் ஒரு தேநீர்க் கடைக்காரரிடம் விசாரித்தபோது, தெருவின் பெயரைத் திருப்பிச் சொல்லிவிட்டுக் கையில் மண்குவளையைத் தந்தார். அங்கே நின்றபடி நான் எண்ணிப் பார்த்ததெல்லாம் கரும்பலகையையோ பாடத்தையோ பற்றியல்ல, வண்டியைப் பற்றித்தான். வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் மன்றாடி மாணவியரைச் சேர்த்துவிடலாம். ஆனால், தெருவில் கால் வைக்கக் கூடாத பெண்பிள்ளை பள்ளிக்கு எப்படி வந்து சேர்வாள்? பள்ளிக்கென்று மோட்டார் பேருந்து வாங்கியபோது நடந்ததை ரொக்கேயாவே பின்னாளில் எழுதியிருக்கிறார். முன்னும் பின்னும் மூன்று அங்குல அகலக் கம்பிவலைகளைத் தவிரக் காற்றுக்கு வழியே இல்லாமல் பேருந்து மூடப்பட்டிருந்தது. முதல் நாளே இருட்டிலும் வெக்கையிலும் பிள்ளைகள் அழுதார்கள், மயங்கினார்கள், வாந்தியெடுத்தார்கள். அதைத் தெருவில் பார்த்த, ரொக்கேயாவின் தோழி ஒருவருடைய சகோதரரின் மகன், 1756இல் ஆங்கிலேயக் கைதிகள் ஒரு சிறிய அறையில் அடைபட்டு மூச்சுத்திணறி இறந்ததாகச் சொல்லப்படும் கொல்கத்தாவின் பழைய இருட்டறைக் கதையை நினைத்து, ‘நகரும் இருட்டறை போகிறது’ என்றானாம். சன்னல்களைத் திறந்து திரை கட்டினார் ரொக்கேயா. உடனே, காற்றில் திரை பறப்பதால் பர்தா கெடுகிறது, சரிசெய்யாவிட்டால் உருது நாளிதழ்களில் எழுதுவோம் என்று மிரட்டல் கடிதங்கள் வந்தன.

பர்தாவை இத்தனை கேலி செய்து எழுதியவர், பள்ளிக்காக அதே பர்தாவை அனுசரித்தும் நடந்தார். அதை முரண்பாடு என்பவர்கள் உண்டு. எனக்கு அது கணக்குத் தெரிந்த ஒருவரின் பேரமாகவே படுகிறது. திரையைக் கிழித்திருந்தால் பேருந்து காலியாகத்தான் ஓடியிருக்கும். பேருந்தே எட்டாத பெண்களுக்காக, 1916இல் அஞ்சுமன்-இ-கவாத்தீன்-இ-இஸ்லாம் என்ற முஸ்லிம் பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். அதன் உறுப்பினர்கள் பஸ்திகள் எனப்படும் குடிசைப்பகுதிகளுக்கே போய் எழுத்தும் தையலும் சுகாதாரமும் சொல்லிக்கொடுத்தார்கள்.

மதியம் லார்டு சின்ஹா சாலைக்குப் போனேன். பள்ளி இப்போது அரசுப் பள்ளியாக, அதே பெயரில் அங்கே நடக்கிறது. முன்அனுமதி பெறாமல் போனது என் தவறு. காவலாளி பணிவாகவே மறுத்தார். வாசலில் நின்று பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டுச் சியால்தாவுக்கு வண்டி பிடித்தேன்.

அங்கிருந்து புறநகர் ரயிலில் சோத்பூர் போய், ரிக்‌ஷாவில் பானிஹாட்டி பெண்கள் பள்ளியை அடைந்தேன். 1932 டிசம்பர் 9 அன்று விடியற்காலையில் இறந்த ரொக்கேயாவின் அடக்கத்தலம் இந்த வளாகத்துக்குள்தான் இருக்கிறது. அவருடைய மேசைமேல் பெண்களின் உரிமை பற்றிய கட்டுரையொன்று முடிவுறாமல் கிடந்தது. நெடுங்காலம் மறந்துபோயிருந்த இந்த இடத்தை மீண்டும் அடையாளம் காட்டியவர் வரலாற்றாசிரியர் அமலேந்து தே. இன்னொரு பள்ளிக்கூடத்துக்குள்ளேயே அவர் உறங்குவது எனக்கு நிறைவாக இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது பள்ளி விடும் நேரம். மணி அடித்ததும் மாணவியர் மாநில அரசு கொடுத்த மிதிவண்டிகளை உருட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். வழியை மறித்து நின்ற என் ரிக்‌ஷாக்காரரை ஒருத்தி அதட்டினாள். அவர் வண்டியை ஓரமாக நகர்த்த, பத்துப் பன்னிரண்டு பேர் மணியடித்துக்கொண்டே கங்கைக்கரைப் பக்கமாகத் திரும்பிப் போனார்கள்.