கடைசி மூன்று மைல்

கூடாரமோ கேரவனோ போட்டுத் தங்கும் கேம்ப்சைட்டுகளின் இணையதளங்களில் எல்லாப் படமும் இருக்கும். ஏரி, புல்வெளி, மாலை வெயில், பளபளவென்று கழுவிய குளியலறை, ஆட்டுக்குட்டிக்குப் பால் புகட்டும் குழந்தை. அங்கே போய்ச் சேரும் சாலையின் படம் மட்டும் இருக்காது. காரின் பின்னால் பெரிய கேரவனை, அதாவது சக்கரம் வைத்த வீட்டை, இழுத்துக்கொண்டு போகிறவனுக்கு வேண்டியதோ அந்த ஒரு படம்தான். பிரிட்டனில் எம் என்று எண் போட்ட மோட்டார்வேயில், அதாவது விரைவுச் சாலையில், போகும்வரை ஒரு தொந்தரவும் இல்லை. அதற்கு அடுத்த பிரதான சாலைகளான பெரிய ஏ ரோடுகளிலும் பெரும்பாலும் இல்லை. தகராறெல்லாம் கடைசி இரண்டு மூன்று மைலில்தான். அதனால் எங்கள் வீட்டில் முதலில் சாலையைப் பார்ப்போம், அப்புறம்தான் ஏரி.

எங்களுடையது எட்டடி அகலம், இரட்டை அச்சு (பக்கத்துக்கு இரண்டு சக்கரம்), ஆறு பேர் படுக்கலாம். இத்தனை பெரிது எதற்கு என்று கேட்காத நண்பர் இல்லை. கோடை விடுமுறையில் மாமாவும் அத்தையும் கோவில்பட்டியிலிருந்து வந்துவிடுவார்கள். நாங்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு பேர். ஆறு பேர் ஆயிற்றா? அதற்கு மேல் அத்தையின் இட்லிப்பானை. மழை பெய்தால் (பெய்யும்) ஆறு பேரும் உள்ளேயே உட்கார்ந்து சாப்பிட இடம் வேண்டும்.

1997க்குப் பிறகு இங்கே லைசென்ஸ் வாங்கிய என் போன்றவர்களுக்குக் கனமான டிரெய்லரை இழுக்க முன்பு தனித் தேர்வு இருந்தது. 2021 டிசம்பர் 16 முதல் அது போய்விட்டது. கார் லைசென்ஸ் இருந்தால் 3,500 கிலோ வரை இழுக்கலாம். நாங்கள் கேரவன் வாங்கியதே அதற்கப்புறம்தான், குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் தேர்வு போனதோடு ரிவர்ஸ் எடுத்துப் பழகும் கட்டாயமும் போயிற்று. கிராமத்துச் சந்தில் எதிரெதிரே இரண்டு கேரவன்கள் நிற்கும்போது அது தெரியும்.

கொஞ்சம் கணக்கு பார்க்கலாம். கேரவனின் அகலம் 2.45 மீட்டர். எதிரே வரும் சாதாரணக் காரை இந்தக் கண்ணாடியிலிருந்து அந்தக் கண்ணாடி வரை அளந்தால் சுமார் 2 மீட்டர். கூட்டினால் நாலரை மீட்டர், அதுவும் இடையில் காற்றுப் போக இடம் விடாமல். காரும் கேரவனும் சேர்ந்து நீளம் கிட்டத்தட்ட 13 மீட்டர். ஆக, நான்கு மீட்டர் அகலச் சாலையில் யாராவது ஒருவர் பின்னால் போயே ஆகவேண்டும். அது நானாக இருக்கக்கூடாது என்பதுதான் என் ஆராய்ச்சி முழுவதும்.

இந்த நான்கு மீட்டரை எங்கே பார்ப்பது? அரசின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடத்தில். சின்னச் சாலைகளை அதில் மஞ்சள் நிறத்தில் போடுகிறார்கள். தடித்த மஞ்சள் என்றால் பொதுவாக 4 மீட்டருக்கு மேல், மெல்லிய மஞ்சள் என்றால் 4 மீட்டருக்குக் கீழ். மலை ஏறுவதற்காக இந்த வரைபடத்தை வாங்குகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படவே படாது. எனக்கு அதுதான் உயிர். சாலையின் குறுக்கே அம்புக்குறிகளும் உண்டு. ஒற்றை அம்பு 14 முதல் 20 சதவீதம் வரையிலான சரிவு. இரட்டை அம்பு 20 சதவீதமும் அதற்கு மேலும், அதாவது ஐந்தடி போனால் ஓரடி ஏற்றம். கேம்ப்சைட் வாசலிலிருந்து பின்னோக்கி விரலை வைத்துக்கொண்டே வருவேன். மெல்லிய மஞ்சள் அரை மைலுக்கு மேல் போனாலோ, வழியில் இரட்டை அம்பு வந்தாலோ அந்த இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கும்பிடு போட்டுவிடுவேன்.

போனில் இருக்கும் வழிகாட்டியை ஏன் நம்பவில்லை என்று கேட்பீர்கள். அதற்கு நான் வெறும் கார். பின்னால் இன்னொரு வீடு வருகிறது என்று அதற்குத் தெரியாது. அளவைச் சொன்னால் அதற்கேற்ற வழி காட்டும் கேரவன் சாட்நாவ்கள் உண்டு, எங்களிடமும் ஒன்று இருக்கிறது. ஆனால் கிராமத்துப் போஸ்ட்கோடு ஒன்று பல பண்ணைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும். எந்திரம் அதன் நடுவில் ஏதோ ஒரு தொழுவத்து வாசலில் கொண்டுபோய் விட்டு, "வந்துவிட்டீர்கள்" என்று சொல்லிவிடும்.

யார்க்ஷயரில் தர்ஸ்க் ஊரிலிருந்து ஹெம்ஸ்லி போகும் ஏ170இல் சட்டன் பேங்க் என்று ஒரு ஏற்றம். நான்குக்கு ஒன்று சரிவு, கொண்டை ஊசி வளைவு வேறு. கேரவன்களுக்கு அங்கே தடை. இத்தனைக்கும் அது ஏ ரோடு! ஏ என்ற எழுத்து இருந்தால் பயமில்லை என்று நினைப்பவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். ஸ்கார்பரோ பக்கம் போகிறவர்கள் பேசாமல் யார்க் வழியாக ஏ64இல் மால்டன் போய்விடுவது நல்லது.

சாமர்செட்டின் போர்லாக் ஏற்றமும் அதே ரகம். மைன்ஹெட்டிலிருந்து ஏ39 கடற்கரையை ஒட்டிப் போகிறதே, லின்டன் அப்படியே போய்விடலாமே என்று வரைபடம் ஆசை காட்டும். 25 சதவீத ஏற்றம், நடுவில் வளைவு. இழுக்கும் வண்டி எவ்வளவு பெரிய லேண்ட் ரோவர் டிஸ்கவரியாக இருந்தாலும் ஈரச் சாலையில் வளைவின் நடுவே நின்றுபோனால் திரும்பக் கிளப்புவது லேசில்லை. லின்டனுக்கு எம்5இல் 27ஆம் சந்திப்பில் இறங்கி, ஏ361, அப்புறம் ஏ399 பிடித்து, பிளாக்மூர் கேட் வழியாகப் போகவேண்டும். சுற்றுதான், போகட்டும்.

பீக் டிஸ்ட்ரிக்டில் காசில்டன் ஊரின் கதை எனக்குப் பிடிக்கும். மேற்கிலிருந்து வர ஒரு நல்ல சாலை இருந்தது. மாம் டோர் மலை சரிந்துகொண்டே இருந்ததால், ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு அலுத்து, 1979இல் அதை மூடியே விட்டார்கள். தார்ச்சாலை துண்டு துண்டாக உடைந்து கிடப்பதை இன்றும் நடந்துபோய்ப் பார்க்கலாம், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அதிலிருந்து மேற்கே இருந்து வரும் வாகனங்களுக்கு வின்னட்ஸ் பாஸ்தான் வழி. இரண்டு சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே ஐந்துக்கு ஒன்றுக்கும் குறையாத இறக்கம். கேரவனோடு வருபவர்கள் கிழக்கே ஹாதர்சேஜ் பக்கமிருந்து ஏ6187இல் வந்தால் சமதரையாக ஊருக்குள் வந்துவிடலாம். ஒரே ஊர்தான், எந்தப் பக்கமிருந்து நுழைகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வரைபடம் முடிந்ததும் கூகுள் ஸ்ட்ரீட் வியூ. அதில் நான் தேடுவது சின்னச் சின்ன அடையாளங்கள். சாலை நடுவே வெள்ளைக்கோடு இருந்தால் நிம்மதி. நடுவே புல் முளைத்திருந்தால் அத்தோடு கணினியை மூடிவிடலாம். வளைவுகளில் ஓரத்து மண் சேறாகிக் குழைந்திருந்தால் பெரிய வண்டிகள் இடம் போதாமல் ஓரத்தில் ஏறுகின்றன என்று அர்த்தம். பேருந்து நிறுத்தம் கண்ணில் பட்டால் எனக்குச் சந்தோஷம். பேருந்து போகும் சாலையில் நானும் போவேன். இன்னொன்று, படம் எடுத்த மாதத்தைக் கட்டாயம் பாருங்கள். பறவைகள் கூடு கட்டும் காலம் என்று மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை இங்கிலாந்தின் விவசாயிகள் வயல் வேலிப்புதரை வெட்டக்கூடாது, பாதுகாப்பு போன்ற சில காரணங்களுக்கு மட்டும் விலக்கு. பிப்ரவரிப் படத்தில் ஒட்ட வெட்டிய வேலியோடு அகலமாகத் தெரியும் சாலை, நாம் போகும் ஆகஸ்டில் இரண்டு பக்கமும் உப்பிப்போய் நிற்கும்.

டெவனில் ஒரு பண்ணைக்குப் போனபோது இது நடந்தது. "எல்லா அளவு வண்டிகளும் வரலாம்" என்று எழுதியிருந்தார்கள், போனிலும் அதையே சொன்னார்கள். கடைசி ஒரு மைல், இரண்டு பக்கமும் ஆளுயர மண்கரை, அதன்மேல் புதர். ஜன்னலில் கிளைகள் கீறுகிற சத்தம் கேட்டு அத்தை பின் இருக்கையில் முருகா முருகா என்று ஆரம்பித்துவிட்டார். எதிரே டிராக்டர். அந்த மனிதர் எங்களை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் சொல்லாமல், பின்னால் திரும்பிக்கூட சரியாகப் பார்க்காமல், டிரெய்லரோடு கால் மைல் ரிவர்ஸ் போனார். அந்த வித்தை என் ஜென்மத்துக்கு வராது.

அதற்கப்புறம் போன் பேசும் பொறுப்பை என் மனைவி எடுத்துக்கொண்டாள். "ஏங்க, பெரிய கேரவன் வருமான்னு கேட்டா வரும்னுதான் சொல்லுவாங்க. வியாபாரம் பண்றவங்க வேற என்ன சொல்லுவாங்க?" என்றாள். அவள் கேட்கும் கேள்விகளே வேறு. உங்கள் பால் லாரி எந்தப் பக்கமிருந்து வருகிறது? குப்பை லாரி வாசல் வரை வருமா, இல்லை நீங்கள் தொட்டியை மெயின் ரோட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகிறீர்களா? வழியில் இரண்டு கேரவன் எதிரெதிரே வந்தால் யார் பின்னால் போவார்கள், எவ்வளவு தூரம்? வாசலிலிருந்து பிட்ச் (கேரவன் நிறுத்தும் இடம்) வரை காரைக் கழற்றாமல் போக முடியுமா? இந்தக் கேள்விகளுக்கு யாரும் பொய் சொல்வதில்லை. பால் லாரியைப் பற்றிப் பொய் சொல்ல எந்த விவசாயிக்கும் தோன்றாது.

நிலையான கேரவன் வீடுகளை வரிசையாக நிறுத்தியிருக்கும் ஹாலிடே பார்க்குகளை நிறைய பேர் மட்டமாகப் பேசுவார்கள். அழகு குறைவுதான். ஆனால் அந்த வீடு ஒவ்வொன்றும் சுமார் பன்னிரண்டடி அகலம், லாரியில் ஏற்றித்தான் கொண்டுவந்திருக்க வேண்டும். அது வந்த வழியில் என் எட்டடி வராதா? அதேபோல் குதிரைப் பந்தய மைதானங்கள். செல்டனம் மைதானத்தில் கேரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப்புக்கு ஒரு இடம் உண்டு. குதிரை லாரிகள் வந்துபோகும் இடம் என்பதால் சாலைக்குக் கவலையில்லை. லேக் டிஸ்ட்ரிக்டில் அதே கிளப்பின் ட்ரவுட்பெக் ஹெட். எம்6இல் 40ஆம் சந்திப்பு, அங்கிருந்து ஏ66, அப்புறம் ஏ5091இல் கொஞ்ச தூரம், அவ்வளவுதான். ஹார்ட்நாட் கணவாய் மாதிரி மூன்றுக்கு ஒன்று ஏற்றங்கள் இருக்கும் அதே வட்டாரத்தில் இப்படியும் ஓர் இடம்.

1907இல் தொடங்கிய கிளப் அது. பண்ணைகளில் ஐந்து கேரவன் மட்டும் நிறுத்தும் சின்ன இடங்களையும் உறுப்பினர்களுக்காக வைத்திருக்கிறார்கள். அமைதி, குறைந்த வாடகை, பக்கத்திலேயே மாடு. எங்களுக்கு ஆசைதான். ஆனால் அவற்றில் நிறைய மெல்லிய மஞ்சள் சாலையின் முனையில் இருக்கின்றன. பொறுக்கித்தான் எடுக்கவேண்டும்.

கிளப் இடங்களில் மதியம் 12க்குள் காலி செய், 1 மணிக்கு முன்னால் வராதே என்பார்கள். சும்மா கெடுபிடி என்று நினைத்திருந்தேன். சந்து ஒடுங்கலாக இருக்கும் இடங்களில் அந்த ஒரு மணி நேரம்தான் போகிறவர்களும் வருகிறவர்களும் முட்டிக்கொள்ளாமல் காப்பாற்றுகிறது. நாங்கள் சீக்கிரம் போய்விட்டால் மெயின் ரோட்டு லே-பையில் (வண்டி நிறுத்தும் சாலையோர இடம்) நிறுத்தி, புளிசாதத்தைப் பிரித்துவிடுவோம்.

ஸ்காட்லாந்தில் ஆப்பிள்கிராஸ் போகும் பியலாக் நா பா கணவாய் 626 மீட்டர் வரை ஏறும். கேரவன் வேண்டாம் என்று அடிவாரத்திலேயே பலகை வைத்திருக்கிறார்கள். ஷீல்டெய்க் பக்கமிருந்து கடலோரமாகச் சுற்றி வரும் சாலை உண்டு. ஆனால் மாமாவுக்கு இத்தனை நேரம் உட்கார முட்டி ஒத்துக்கொள்ளாது. அதனால் அது இப்போதைக்கு இல்லை.

சாலையெல்லாம் சரியாகி, பிட்ச்சும் பெரிதாக இருந்து, கடைசியில் "இரட்டை அச்சு என்றால் எடுப்பதில்லை" என்று சொல்லும் இடங்களும் இருக்கின்றன. இரட்டை அச்சுக் கேரவன்களில் நாடோடிச் சமூகத்தினர் வந்து தங்கிவிடுவார்கள் என்ற பயத்தில் போட்ட விதி என்பது ஊரறிந்த விஷயம், பதிலில் மட்டும் புல்வெளி கெட்டுவிடும் என்பார்கள். கெட்ட விதி. ஆனாலும் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

வரும் ஆகஸ்டுக்குப் பிக்கரிங் பக்கம் தேடிக்கொண்டிருக்கிறோம். அத்தைக்கு விட்பி கடலைப் பார்க்கவேண்டுமாம். ஏ64, மால்டன், அங்கிருந்து ஏ169. பிக்கரிங்கோடு கேரவனை நிறுத்திவிட்டு விட்பிக்குக் காரில் மட்டும் போவோம், ஏனென்றால் அதே ஏ169 ஸ்லைட்ஸ் ஊருக்கு இறங்கும் புளூ பேங்க் 20 சதவீதம். பிரேக் போன வண்டிகள் ஏறி நிற்பதற்கென்றே அங்கே ஒரு தனிப் பாதை போட்டு வைத்திருக்கிறார்கள். பிக்கரிங்கைச் சுற்றி இரட்டை அச்சுக்கு முகம் சுளிக்காத, தடித்த மஞ்சளில் இருக்கும் இடம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். பால் லாரி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதையும் சேர்த்து.