விக்கிரமாதித்தன் சிம்மாசனம் கோத்தகிரி வந்து சேர்ந்த கதை

கொலு முடிந்து பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாயிற்று, இனி நிதானமாக எழுதலாம். சொந்தமாக ஒரு லெகோ மாடலை வடிவமைத்து, துண்டுகளை வரவழைத்து, கையேடு அச்சடித்து, பெட்டியில் போட்டு ஒரு முழு செட்டாக யாருக்காவது கொடுக்க நினைக்கிறவர்கள், அதிலும் மலை மேல் இருக்கிறவர்கள், இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்கவும். வடிவமைப்பில் எனக்குப் பெரிய தொல்லை இல்லை. மற்ற எல்லாமே தொல்லைதான்.

அக்கா மகளுக்கு விக்கிரமாதித்தன் கதை என்றால் உயிர். இந்திரன் கொடுத்த சிம்மாசனம், அதற்கு 32 படி, படிக்கு ஒரு பதுமை, போஜராஜன் ஏற வரும்போதெல்லாம் ஒரு பதுமை வாய் திறந்து அவனை நிறுத்திக் கதை சொல்வது, இதெல்லாம் மனப்பாடம். "சித்தி, இதை லெகோவுல பண்ணிக் கொலுவுல வைக்கலாமா?" என்று ஆடி மாதமே கேட்டுவிட்டாள். கொலுவும் படி, சிம்மாசனமும் படி, இரண்டிலும் பொம்மை. இதற்கு மேல் என்ன பொருத்தம் வேண்டும்? அது மட்டுமில்லை, சினிமாவோ வெளிநாட்டு நாவலோ என்றால் உரிமை யாருடையது என்ற பஞ்சாயத்து வரும். இந்தக் கதைக்கு உரிமையாளர் யாரும் கிடையாது. நாளைக்கே லெகோ ஐடியாஸில் (ரசிகர்கள் வடிவமைத்த மாடல்களுக்கு லெகோவே நடத்தும் தளம்) போட்டு 10,000 பேர் ஆதரவு திரட்டப் பார்க்கலாம் என்றாலும் கேட்க ஆளில்லை.

வரைந்தது லெகோ உதிரித் துண்டுகளுக்கான சந்தைத் தளமான பிரிக்லிங்கின் ஸ்டூடியோவில். மாடலைக் கணினியில் வரைய இலவச மென்பொருள், அதைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள், விட்டுவிடுகிறேன்.

அளவுக் கணக்கை மட்டும் சொல்லியாக வேண்டும். ஸ்டட் என்பது துண்டின் மேல் இருக்கும் குமிழ், பிரிக் என்பது வழக்கமான செங்கல் துண்டு. ஸ்டட்டுக்கு ஸ்டட் 8 மி.மீ., ஒரு பிரிக் உயரம் 9.6 மி.மீ. படிக்கு ஒரு பிரிக் உயரம் வைத்தாலே 32 படிக்கு 30.7 செ.மீ. வந்துவிடும். மினிஃபிக் என்கிற லெகோவின் குட்டி மனிதப் பொம்மைகளைப் பதுமையாக நிறுத்தினால் அவர்கள் கைவீசி நிற்க ஒவ்வொரு படியும் இரண்டு ஸ்டட் ஆழம் வேண்டும், அப்படியானால் படிக்கட்டு மட்டுமே 51 செ.மீ. அக்கா எனக்கு ஒதுக்கியது கொலுப்படி ஓரத்தில் ஒன்றேகால் அடி ஸ்டூல். அதனால் மினிஃபிக்கை விட்டுவிட்டு, லெகோவில் கோப்பையாக வருகிற குட்டித் தங்கச் சிலை இருக்கிறதே, ஒரே ஸ்டட்டில் நிற்கும், அதைப் பதுமையாக்கினேன். படி ஆழம் ஒரு ஸ்டட், 25.6 செ.மீ.யில் முடிந்தது. இடம் வலம் என்று மாற்றி மாற்றிப் பதுமை, மற்ற இடமெல்லாம் வழவழவென்று டைல், அதாவது மேலே குமிழ் இல்லாத தட்டைத் துண்டு. எட்டெட்டுப் படியாக நான்கு துண்டு, நடுவில் டெக்னிக் பின்கள் (துளைகளில் செருகி இணைக்கும் ஆணிகள்). தூக்கிக்கொண்டு போக அதுதான் வசதி. முழுப் படிக்கட்டையும் ஒரே பாளமாகக் கட்டாதீர்கள், நடுவில் பிடித்துத் தூக்கினால் வளைந்து பிளந்துகொள்ளும்.

பக்கத்தில் ஒரு முருங்கை மரம், அதில் தலைகீழாக வேதாளம். இங்கே மினிஃபிக்தான். தலைகீழாகத் தொங்கவிட வேண்டும் என்றால் ஸ்டட் தரையைப் பார்த்து இருக்க வேண்டும், சாதாரண பிளேட்டின் (பிரிக்கில் மூன்றில் ஒரு பங்கு உயரமுள்ள தட்டைத் துண்டு) அடியில் கால் ஒட்டாது. பிராக்கெட் என்கிற 'எல்' வடிவத் துண்டு வைத்து ஒரு முறை பக்கவாட்டில் திருப்பி, இன்னொரு பிராக்கெட்டில் மறுபடி கீழே திருப்பினேன். ஐந்து பிளேட் உயரம் 16 மி.மீ., இரண்டு ஸ்டட் அகலமும் அதே 16 மி.மீ. இந்த ஒரு கணக்கு தெரிந்தால் எதையும் எந்தப் பக்கமும் திருப்பலாம்.

ஒரு எச்சரிக்கை. லெகோவில் எல்லாத் துண்டும் எல்லா நிறத்திலும் வருவதில்லை. திரையில் எதை வேண்டுமானாலும் தங்கத்தில் வரையலாம், அப்படி ஒன்று உலகத்தில் இல்லாமலும் இருக்கலாம். ஸ்டூடியோவில் இதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது, தினமும் படம் வரையும்போதே அதைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் சிம்மாசனத்தின் கைப்பிடிக்காகப் பாதி மாடலைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

சரி, இப்போது கொள்முதல்.

படிக்கட்டு மொத்தமும் சந்தன நிறம். அதை வெளிநாட்டில் வாங்கினால் கட்டுப்படியாகாது என்று, உதிரி விற்கிற நம் ஊர் ஆன்லைன் கடை ஒன்றைப் பிடித்தேன். கடை பெயரைச் சொல்லப்போவதில்லை, பணம் இன்னும் அவரிடம் இருக்கிறது. இதில் ஒரு பொறி உண்டு. ஒரே நிறத்துக்கு லெகோ நிறுவனம் ஒரு எண் வைத்திருக்கிறது, பிரிக்லிங்க் வேறு எண் வைத்திருக்கிறது. இந்தச் சந்தன நிறம் லெகோ கணக்கில் 5, பிரிக்லிங்க் கணக்கில் 2. பிரிக்லிங்க் கணக்கில் 5 என்றால் என்ன தெரியுமா? சிவப்பு. இது தெரிந்துதான் பட்டியலில் இரண்டு எண்ணையும் போட்டு, நிறத்தின் பெயரும் எழுதி, ஒவ்வொரு துண்டுக்கும் படமும் சேர்த்து அனுப்பினேன். போனிலும் கேட்டேன். "எல்லாம் தெரியும் மேடம், பதினஞ்சு வருஷமா இதே வேலைதான்" என்றார்.

பெட்டியைப் பிரித்தால் சிவப்பு. அடி முதல் நுனி வரை சிவப்பு. இந்திரனுடைய சிம்மாசனத்துக்குத் தபால் பெட்டி நிறத்தில் படிக்கட்டு.

"லிஸ்ட்ல அஞ்சுன்னுதானே மேடம் இருக்கு?"

"பக்கத்துலயே ரெண்டுன்னும் இருக்கே, பேர் இருக்கே, படம் இருக்கே."

"படம் வாட்ஸாப்ல வந்துது மேடம், கலர் சரியாத் தெரியலை."

திருப்பி அனுப்பும் செலவு என்னுடையதாம், அவர் பார்த்து "ஓகே" சொன்ன பிறகுதான் பணமாம். நவராத்திரி நெருங்கிக்கொண்டிருந்ததால் சண்டை போட நேரமில்லை. சந்தன நிறத்துக்கு மறுபடி முழுப் பணம் கட்டி வாங்கினேன், சிவப்பைத் திருப்பி அனுப்பினேன், இந்த முறை பட்டியலில் எண்ணே போடாமல், கையில் இருந்த பழைய சந்தன நிற பிரிக் ஒன்றை நீலகிரித் தைல பாட்டில் பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து "இது மாதிரி" என்று அனுப்பினேன். சரியாக வந்தது. பதினைந்து வருட அனுபவத்தை விட அந்த போட்டோ வேலை செய்தது.

தங்கச் சிலைகள் வெளிநாட்டுக் கடையிலிருந்து. கடை மணியான கடை, உடைந்தால் ஆகட்டும் என்று நான்கு சிலை அதிகமாகவே போட்டிருந்தார்கள். சிக்கல், பார்சல் இந்தியாவில் இறங்கிய பிறகு. பொம்மைகளுக்கான அடிப்படை இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023-இல் 70 ஆனது என்பது தெரிந்துதான் வாங்கினேன், அதனால் வரிக்கு நான் அழவில்லை. அழவைத்தது பெயர். கூரியர்காரர்கள் அடையாளச் சான்று கேட்டார்கள், ஆதாரை ஏற்றினேன், நிராகரித்துவிட்டார்கள். காரணம், பார்சலில் என் இனிஷியல் பெயருக்கு முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால் எடுத்த பெண்ணுக்கு இனிஷியல் என்றாலே புரியவில்லை, "அப்போ உங்க சர்நேம் என்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கு சர்நேம் இல்லை அம்மா, எங்கள் ஊரில் யாருக்கும் இல்லை. கடைசியில் பான் கார்டும், கார்டில் பணம் கட்டிய ரசீதும், "இரண்டு பெயரும் நான்தான்" என்று கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதமும் சேர்த்து ஒரே கோப்பாக அனுப்பிய பிறகுதான் நகர்ந்தது. வெளிநாட்டுக் கடையில் முகவரி கொடுக்கும்போதே ஆதாரில் எப்படி இருக்கிறதோ, புள்ளி கூட மாறாமல் அப்படியே பெயரைக் கொடுங்கள். வரி, கையாளும் கட்டணம் எல்லாம் சேர்த்து 36 குட்டிச் சிலைகளின் விலையைக் கிட்டத்தட்ட இன்னொரு முறை கட்டினேன்.

சரி, கட்டியாயிற்று, வீட்டுக்கு வரும் என்று பார்த்தால், "மேலே மண் சரிவு மேடம், வண்டி ஏறாது, மேட்டுப்பாளையத்துல வந்து எடுத்துக்குங்க" என்று போன். மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த பஸ் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் ஆட்களை இறக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தபடியே அந்த போனைப் பேசிக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னேன். "அது பஸ்ஸு மேடம், இது எங்க வண்டி" என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது? ஐப்பசி மழையில் நிஜமாகவே மண் சரிகிற ஊர்தான் இது, அதை இப்படிச் சாக்காக எடுத்தால் எரிச்சல் வராதா. மலையில் இருப்பவர்கள் கீழே தெரிந்தவர் யாராவது இருந்தால் அவர்கள் முகவரியைக் கொடுத்துவிடுவது நல்லது.

கோவைக்குப் போயிருந்த மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், திரும்பும் வழியில் மேட்டுப்பாளையத்தில் எடுத்து வருவதாகச் சொன்னார். சந்தன நிறப் பார்சலும் அதே நாளில் அங்கேயே வந்து நின்றிருந்தது, இரண்டையும் வாங்கிவிட்டார். வாங்கினவர் சும்மா வரக்கூடாதா? அட்டைப்பெட்டி நனைந்துவிடும் என்று அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, உள்ளே இருந்த குட்டிக் குட்டி பிளாஸ்டிக் ஜிப் கவர்களை மட்டும் எடுத்துக் காரில் வைத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை உள்ள மாவட்டம் இது. வழியில் சோதனைச் சாவடியில் கேன், பாட்டில், கவர் எல்லாம் பார்ப்பார்கள்.

"சார், இந்தக் கவர் எல்லாம் மேல போகக் கூடாது. பொருளை எடுத்துக்கிட்டு கவரைக் குடுத்துட்டுப் போங்க."

"பொருளும் பிளாஸ்டிக்தானேங்க?"

"அது பொம்மை சார். கவருக்குத்தான் தடை."

அந்த ஆள் சொன்னதில் குறை சொல்ல எனக்கு வாயில்லை, சட்டம் நம் காட்டுக்காகத்தான். ஆனால் மாமா ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க, அத்தனை கவரையும் பிரித்து மொத்தத்தையும் ஒரே மஞ்சப்பையில் கொட்டி வாங்கி வந்துவிட்டார். வகைக்கு ஒரு கவராகப் பிரித்து வந்த, ஏறத்தாழ இரண்டாயிரம் துண்டு. ஒன்றுக்கு ஒன்று பிளேட், ஒன்றுக்கு ஆறு டைல், பின், பிராக்கெட், பதுமை, எல்லாம் அஞ்சறைப்பெட்டியைக் கவிழ்த்த மாதிரி ஒரே குவியல். "எல்லாம் பத்திரமா வந்துடுச்சு பாரு" என்று பையை என் கையில் கொடுத்தபோது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் டீ போட்டுக் கொடுத்தேன்.

பிரித்து அடுக்குவதற்கு ஒரு யுக்தி: நிறவாரியாகப் பிரிக்காதீர்கள், வடிவவாரியாகப் பிரியுங்கள். ஒரே நிறக் குவியலில் வடிவம் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, ஒரே வடிவக் குவியலில் நிறம் சட்டென்று தெரியும். பெரிய சமையல் தட்டுகளில் பரப்பி, அக்கா மகள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவளுக்கு இதுதான் இருப்பதிலேயே பிடித்த வேலையாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். எண்ணிப் பார்த்தபோது பதுமை 35. அந்த ஒன்று காரின் சீட்டுக்கு அடியில் கிடந்தது. இனி யாருக்கு அனுப்பினாலும் பேப்பர் கவரில் போட்டு மேலே எழுதித்தான் அனுப்பச் சொல்லப்போகிறேன், வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்டால் பாதிப் பேர் செய்து கொடுக்கிறார்கள்.

கையேடு அச்சடித்தது ஊட்டியில் ஒரு கடையில். கலர் பிரிண்டில் சந்தன நிறமும் அதன் அடர் வகையும் ஒன்றுபோல் வந்து தொலைத்தது. ஸ்டூடியோவின் கையேட்டுப் பகுதியில் ஒவ்வொரு கட்டத்திலும் புதிதாகச் சேரும் துண்டுகளைச் சுற்றிக் கோடு போட்டுக் காட்டும் வசதி உண்டு, அதைப் போட்டு மறுபடி எடுத்த பிறகுதான் அக்கா மகளால் என்னைக் கேட்காமல் கட்ட முடிந்தது. வெளியே தெரியாத உள்பக்கத்துக்கு வேண்டுமென்றே கண்ணைப் பறிக்கும் நிறங்களைப் போடுங்கள். லெகோவின் சொந்த செட்களிலேயே அப்படித்தான் செய்கிறார்கள், எந்தப் பக்கம் எது என்று எண்ணாமலே தெரியும். பக்கங்களுக்குக் கொஞ்சம் கெட்டித் தாள் கேளுங்கள், இந்த ஊர் ஈரத்தில் சாதாரணத் தாள் இரண்டே நாளில் அப்பளம் நமுத்துப்போன கதிதான்.

கட்டியதில் சொல்ல ஒன்றுமில்லை, படிக்கட்டு ஒரே மாலையில் எழுந்துவிட்டது. வேதாளம்தான் படுத்தியது. தொங்கும், நிற்கும், யாராவது கதவைச் சாத்தினால் பொத்தென்று விழும். விக்கிரமாதித்தன் தோளிலிருந்து தப்பித்து மரத்துக்கு ஓடுவதுதான் அதன் வேலை, மரத்திலிருந்து தானாக இறங்கி வந்தால் கதையே கெட்டுவிடும். கிளையில் ஒரு 'பார்', அதாவது மெல்லிய கம்பி மாதிரியான துண்டைச் செருகி, வேதாளத்தின் ஒரு கையை அதில் பிடிக்க வைத்தேன். காலில் இரண்டு ஸ்டட், கையில் ஒரு பிடி, அப்புறம் அசையவில்லை. கொலுவுக்கு வந்த மாமிகள் சுண்டலை வாங்கிக்கொண்டு முதலில் கேட்டது வேதாளத்தைப் பற்றித்தான், 32 படியை யாரும் எண்ணவில்லை. என் அக்கா மகள் எண்ண வைத்தாள். படிக்கு ஒரு கதை சொல்லாமல் யாரையும் விடவில்லை.

குன்னூரிலிருந்து வந்த ஒருவர் அடுத்த வருடத்துக்கு இதே செட் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். விலை சொன்னேன், யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

சிவப்பு பிரிக்குகளுக்கான பணம் இன்னும் வரவில்லை. பார்சல் கிடைத்ததற்குக் கையெழுத்து ஆதாரம் இருக்கிறது, திங்கட்கிழமை தோறும் மெசேஜ் போடுகிறேன், இரண்டு நீல டிக் விழுகிறது. அடுத்த திங்கட்கிழமை நுகர்வோர் குறைதீர் எண் 1915-இல் புகார் பதியப் போகிறேன் என்று நேற்று எழுதினேன். முதல் முறையாக "பார்க்கறேன் மேடம்" என்று பதில் வந்திருக்கிறது.